கரண்ட் போனதும் பில் வெறுமையானது: பிழை கோப்பு முறைமையிலா, புரோகிராமிலா?

கொட்டியாரக்கரை:
திருகோணமலை நகரத்தில் எங்கள் மாமாவுக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. அதற்குப் பில் போடும் புரோகிராமை நான்தான் எழுதினேன். லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை எங்கே எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் பகுதி). ஒவ்வொரு பில்லும் ஒரு புதுக் கோப்பு. எழுதி மூடியதும் பிரிண்டருக்குப் போகும். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. போன கிழமை பின்னேரம், கடை நிறைய ஆட்கள், மழையோடு கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி பழசு, அதுவும் தாங்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தால் கடைசி மூன்று பில்லின் பெயர்கள் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. அளவு 0 பைட். அதில் ஒன்று கரண்ட் போவதற்கு இருபது நொடிக்கு மேல் முன்னால் அடித்தது. வாடிக்கையாளர் கையில் பில் இருக்கிறது, எங்களிடம் கணக்கு இல்லை.

தேடிப் படித்ததில் காரணம் புரிந்தது. எக்ஸ்ட்4 தரவை உடனே வட்டில் வைப்பதில்லை. இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடுகிறது. கோப்பின் பெயர் 5 நொடிக்குள் ஜர்னலில் (வட்டில் உள்ள மாற்றப் பதிவேடு) பதிவாகிவிடும், உள்ளடக்கம் 30 நொடி வரை நினைவகத்திலேயே கிடக்கலாம். வேகத்துக்காகச் செய்த வேலை இது. என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: இது கோப்பு முறைமையின் பிழை. இந்தத் தாமத ஒதுக்கீட்டை நிறுத்திவைப்பதுதான் இயல்புநிலையாக இருந்திருக்க வேண்டும்.

உவர்மலைத்தம்பி:
அண்ணா, கணக்குப் போனது வருத்தம்தான். ஆனால் உங்கள் புரோகிராமில் எஃப்சிங்க் அழைப்பு, அதாவது தரவை உடனே வட்டில் எழுதச் சொல்லும் கட்டளை, இருக்கிறதா? "மூடியதும் பிரிண்டருக்குப் போகும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இல்லை என்றே நினைக்கிறேன். கோப்பை மூடுவது வேறு, வட்டில் சேர்ப்பது வேறு. மூடும் அழைப்பின் கையேட்டிலேயே, அது வெற்றியாக முடிந்தாலும் தரவு வட்டுக்குப் போனதாக அர்த்தமில்லை என்று தெளிவாக இருக்கிறது. கோப்பு முறைமை தராத வாக்கை அது மீறியதாகச் சொல்ல முடியாது.

தாமத ஒதுக்கீடு வெறும் வேகப் பைத்தியமும் இல்லை. கோப்பு முழுதாக எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிறகு இடம் ஒதுக்கினால், துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே தொடராக வைக்கலாம். எழுதிய கையோடு அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புகள் வட்டைத் தொடவே வேண்டியதில்லை. எஸ்எஸ்டியின் ஆயுளுக்கும் அது நல்லது.

சீனக்குடா:
இந்தப் பிரச்சினை 2009 இலேயே தீர்ந்துவிட்டது. அப்போது உபுண்டு என்ற லினக்ஸின் 9.04 சோதனைப் பதிப்பில் ஆட்களின் டெஸ்க்டொப் அமைப்புக் கோப்புகள் இப்படியே 0 பைட்டாகி, பெரிய சண்டை நடந்தது. அதற்குப் பிறகு லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் 2.6.30 பதிப்பில் திருத்தம் வந்தது. ஆகவே உங்கள் வட்டுத்தான் பழுது. மலிவான எஸ்எஸ்டி வாங்கியிருப்பீர்கள்.

வாடைக்காற்று:
சீனக்குடா அண்ணா, அந்தத் திருத்தம் இங்கே உதவாது. அது இரண்டு சந்தர்ப்பங்களுக்கு மட்டும்: ஏற்கெனவே உள்ள கோப்பை வெறுமையாக்கி மீண்டும் எழுதுவது, புதுக் கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றுவது. இந்த இரண்டிலும் எக்ஸ்ட்4 காத்திராமல் இடத்தை ஒதுக்கிவிடும். இவர் பழைய கோப்பு எதையும் மாற்றவில்லை, ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக ஒன்றை உருவாக்குகிறார். அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இருபது நொடிக்கு முந்திய பில்லும் வெறுமையானது அதனால்தான். வட்டைக் குறை சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை.

கொட்டியாரக்கரை:
நன்றி அக்கா. என் சந்தேகம் அங்கேதான் இருந்தது, இப்போது தெளிந்தது.

உவர்மலைத்தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஃப்சிங்க் போடாதது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ஏன் அதைப் போடாமல் பழகினோம் என்று யோசித்தீர்களா? எக்ஸ்ட்4க்கு முந்திய எக்ஸ்ட்3 காலத்தில் ஒரு சின்னக் கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால், அது வரை காத்திருக்கும் மற்ற எல்லாக் கோப்புகளின் தரவையும் சேர்த்து வட்டுக்குத் தள்ளும். 2008 இல் பயர்ஃபொக்ஸ் 3 இதில்தான் மாட்டியது. வரலாற்றுத் தரவுத்தளத்துக்காக அது அடிக்கடி எஃப்சிங்க் கேட்க, பின்னால் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தால் உலாவி அப்படியே உறைந்து நின்றது. ஆட்கள் பயர்ஃபொக்ஸைத்தான் திட்டினார்கள். அதைப் பார்த்து எல்லாரும் "எஃப்சிங்க் பக்கம் போகாதே" என்று கற்றுக்கொண்டார்கள். போடாவிட்டாலும் எக்ஸ்ட்3 5 நொடிக்கு ஒருமுறை தரவையும் சேர்த்தே எழுதியதால் யாருக்கும் பாதிப்புத் தெரியவில்லை. அப்புறம் எக்ஸ்ட்4 வந்து, "நீங்கள் எஃப்சிங்க் போட்டிருக்க வேண்டும்" என்றது. இது நியாயமா?

உவர்மலைத்தம்பி:
நல்ல கேள்வி அண்ணா. வரலாறு நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தலைகீழ் என்று நினைக்கிறேன். எஃப்சிங்க் மெதுவாக இருந்ததால்தான் எல்லாரும் அதைத் தவிர்த்தார்கள் என்றால், அதை வேகமாக்குவதுதானே பாதுகாப்பு? நீங்கள் வேகத்தையும் பாதுகாப்பையும் தராசின் இரண்டு தட்டில் வைக்கிறீர்கள்.

2020 கடைசியில் வந்த கேர்னல் 5.10 இல் எக்ஸ்ட்4க்கு 'ஃபாஸ்ட் கொமிட்' என்று ஒன்று சேர்ந்தது. வழக்கமான ஜர்னல் பதிவில், ஒரு சின்ன மாற்றத்துக்கும் அது தொட்ட 4 கேபி தொகுதிகளை முழுதாக ஜர்னலில் எழுத வேண்டும். இதில் "இந்தக் கோப்பு உருவானது, இந்த இடத்தில் இவ்வளவு சேர்ந்தது" என்ற சுருக்கமான குறிப்பு மட்டும் போகும். தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். எஃப்சிங்க் எவ்வளவுக்கு மலிவாகிறதோ அவ்வளவுக்குப் புரோகிராம் எழுதுபவர்கள் பயமில்லாமல் அதைக் கேட்பார்கள். இப்படியான திருத்தங்களை வேக வேலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சீனக்குடா:
வட்டு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், வாடைக்காற்று சொன்னது சரி. ஆனால் புதுசு புதுசாகச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை தம்பி. 2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? 'நிலையானது' என்று வெளியிட்ட கேர்னல் 6.1.64 இல் எக்ஸ்ட்4 தரவையே கெடுத்தது. டெபியன் என்ற லினக்ஸின் 12.3 வெளியீட்டை அதற்காக நிறுத்தி, 12.4 ஆக வெளியிட வேண்டி வந்தது. அதற்கு முந்தின மாதம் ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் 2.2.0 பதிப்பு. நகலெடுத்த கோப்புகளின் நடுவில் தரவுக்குப் பதிலாகச் சுழியங்கள். அதிலும் வேகத்துக்காகச் சேர்த்த புது வசதிதான். ஓடுகிற கடை மெஷினில் இந்தச் சோதனை எல்லாம் வேண்டாம். பழைய கேர்னலையே வைத்திருங்கள்.

வாடைக்காற்று:
இரண்டு சம்பவமும் உண்மை அண்ணா, காரணங்கள் இரண்டும் நீங்கள் சொன்னவை அல்ல. உப்புவெளியில் ஓர் அலுவலகத்தின் சேர்வர்களைப் பார்ப்பது என் வேலை. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு அறிவிப்பையும் வரி வரியாகப் படித்தேன்.

6.1.64 இல் வந்தது வேகத் திருத்தம் அல்ல, ஒரு பிழைத் திருத்தம். நினைவகத்தில் தேக்காமல் நேராக வட்டுக்கு எழுதும் ஒரு வகையில் கோப்பின் அளவு சரியாகப் பதிவாகாத குறையை நீக்குவதற்கானது. புதிய கேர்னலில் அது சரியாகவே வேலை செய்தது. பழைய 6.1 வரிசைக்குக் கொண்டுவரும்போது, அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. அதனால் எழுதும் இடம் தவறியது. 6.1.66 இல் சரியானது. "பழையதையே வைத்திரு" என்று சொல்லுமுன் இதை யோசியுங்கள்: பழைய வரிசைக்குத் திருத்தத்தை ஒட்டும்போதுதான் இது நடந்தது.

இசட்எஃப்எஸ் கதை இன்னும் முக்கியம். முதலில் எல்லாரும் புதிய தொகுதிப் பகிர்வு வசதியைத்தான் (நகலெடுத்தால் இரண்டு கோப்பும் வட்டில் ஒரே தரவைப் பகிர்வது) சந்தேகித்தார்கள். 2.2.1 இல் அதை நிறுத்தினார்கள். ஆனால் பிழை அங்கே இல்லை. ஒரு கோப்பில் இன்னும் எழுதப்படாத மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில், வருடக்கணக்காக ஒரு ஓட்டை இருந்தது. மிகக் குறுகிய நேரத்துக்கு "மாற்றம் எதுவுமில்லை" என்று தவறாகச் சொல்லும். அந்த நொடியில் நகல் கட்டளை "எங்கே வெற்றிடம்?" என்று கேட்டால், தரவு உள்ள இடத்தையும் வெற்றிடம் என்று காட்டும். நகல் கட்டளையின் புதிய பதிப்புகள் அந்தக் கேள்வியை வழக்கமாகக் கேட்கத் தொடங்கியதால் பழைய ஓட்டை வெளியே தெரிந்தது. திருத்தம் 2.2.2 க்கும் பழைய வரிசையின் 2.1.14 க்கும் சேர்ந்தே வந்தது. புது வசதியை நிறுத்தியதோடு திருப்திப்பட்டிருந்தால் அந்த ஓட்டை இன்னும் உள்ளேயே இருந்திருக்கும்.

சீனக்குடா:
2.1 க்கும் திருத்தம் வந்தது எனக்குத் தெரியாது. சரி. ஆனால் வருடக்கணக்காக ஓட்டை இருந்தது என்பதே என் பயத்தைக் கூட்டுகிறது. யார் இதையெல்லாம் சோதிக்கிறார்கள்?

உவர்மலைத்தம்பி:
சோதிக்கிறார்கள் அண்ணா. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்காகத் தொடங்கி, இப்போது எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற மற்றக் கோப்பு முறைமைகளுக்கும் ஓடுகிறது. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் வரிசையாகப் பதிந்துவைத்து, "இந்த இடத்தில் கரண்ட் போயிருந்தால்?" என்று ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டுப் பார்க்கும் கருவியும் கேர்னலிலேயே இருக்கிறது. 2018 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராஷ்மங்கி என்ற கருவியை வெளியிட்டார்கள். அது வரை அறியப்பட்ட மின்தடைப் பிழைகளைப் பார்த்தால், பெரும்பாலானவை மூன்று செயல்களுக்குள் வெளிப்படுபவை என்று கண்டார்கள். உருவாக்கு, பெயர் மாற்று, எஃப்சிங்க் செய். அவ்வளவுதான். பிறகு அப்படிச் சிறிய வரிசைகளையே விடாமல் ஓட்டி, யாரும் காணாத பிழைகளைப் பிடித்தார்கள்.

கொட்டியாரக்கரை:
நான் இன்னும் முழுதாக மாறவில்லை. வாரக்கடைசியில் சோதனை மெஷினில் தாமத ஒதுக்கீட்டை நிறுத்திப் பில் எழுதவிட்டு வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெறும் கோப்பு ஒன்றும் வரவில்லை. ஒரு வரி மாற்றத்தில் கிடைக்கும் பாதுகாப்பை ஏன் எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது?

வாடைக்காற்று:
தம்பி, வெறும் கோப்பு வரவில்லை. அடித்த பில் எல்லாம் இருந்தனவா? பிரிண்டர் தாளோடு எண்ணிப் பார்த்தீர்களா?

கொட்டியாரக்கரை:
இப்போது எண்ணினேன். பத்து முறை பிடுங்கியதில் நான்கு முறை கடைசிப் பில் பெயரோடு சேர்த்தே இல்லை.

வாடைக்காற்று:
அதுதான். 30 நொடியை 5 நொடியாகக் குறைத்திருக்கிறீர்கள். முன்பு வெறும் கோப்பாவது "இங்கே ஒன்று இருந்தது" என்று காட்டியது. இப்போது அந்தத் தடயமும் இல்லை.

பிரிண்டர் ஓடுவதற்கு முன்னால் எஃப்சிங்க் முடிய வேண்டும். வாடிக்கையாளர் கையில் தாள் போகும்போது வட்டில் கணக்கு இருக்க வேண்டும். புதுக் கோப்பு என்பதால், அது இருக்கும் கோப்புறைக்கும் ஒரு எஃப்சிங்க் கொடுங்கள், கையேடு அப்படித்தான் சொல்கிறது. திரும்பிவரும் விடையையும் பாருங்கள். பிழை என்று வந்தால், இன்னொரு தடவை கேட்டு "வெற்றி" என்று வருவதை நம்பாதீர்கள். 2018 இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் குழு கண்டது இதைத்தான்: எழுத முடியாமல் போன பக்கத்தைக் கேர்னல் சுத்தமானது என்று குறித்துவிடும், அடுத்த எஃப்சிங்க் பொய்யாக வெற்றி சொல்லும். அதனால் இப்போது போஸ்ட்கிரெஸ் எஃப்சிங்க் தோற்றால் நின்றுவிட்டு, தன் பதிவிலிருந்து மீளுகிறது.

பில்லுக்கு ஒரு கோப்பு என்பதையும் விட்டுவிட்டு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்குப் போவது நல்லது. ஆனால் அதில் வால் (WAL) முறையும் (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) 'நோர்மல்' ஒத்திசைவும் வைத்தால், தரவுத்தளம் கெடாது, கடைசிப் பில்கள் மட்டும் போகலாம். கடைக்கு 'ஃபுல்' வையுங்கள்.

கொட்டியாரக்கரை:
நிமிடத்துக்கு இரண்டு மூன்று பில். ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் போட்டேன். சோதனை மெஷினின் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே காசாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்து முறை பிடுங்கினேன், தாளும் கணக்கும் ஒத்துப்போனது.

ஒன்றில் மட்டும் நான் மாறவில்லை. புதிதாகப் புரோகிராம் எழுத வருகிற பிள்ளைக்கு "மூடினால் போதும்" என்றுதான் தோன்றும். எங்கள் மொழியில் எழுதுகிற பாடக்குறிப்பு எதிலும் எஃப்சிங்க் பற்றி நான் பார்த்ததில்லை. உவர்மலைத்தம்பி, குறை என்னுடையது என்று நீங்கள் சொன்னபோது கோபம் வந்தது. ஆனால் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

உவர்மலைத்தம்பி:
எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை அண்ணா, நானும் கோப்புகளைத் தொலைத்துத்தான் படித்தேன். முதல் பதிலில் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பில் உதாரணத்தையே வைத்துத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுவோமா? உங்கள் பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும்.

சீனக்குடா:
எழுதும்போது ஒன்றைச் சேருங்கள். தம்பி சோதித்தது ஹார்ட் டிஸ்க்கில். கடை மெஷினில் இருப்பது எஸ்எஸ்டி என்றால், அதிலேயே திரும்பச் செய்ய வேண்டும். சில மலிவான வட்டுகள் தங்கள் உள் நினைவகத்தில் வைத்துக்கொண்டே "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்.

கொட்டியாரக்கரை:
எஸ்எஸ்டிதான் அண்ணா. ஞாயிறு கடை பூட்டியதும் அதில் செய்து பார்த்து, தாளையும் கணக்கையும் எண்ணி இங்கே போடுகிறேன். புது யூபிஎஸ் பற்றரிக்கும் மாமா காசு தந்துவிட்டார்.