புதுப்பிப்பு: கடலும் காடும் கேட்டிருந்தேனே, தலச்சேரி போய் வந்தாச்சு

போன மாதம் "சேலத்திலிருந்து மூணு நாளில் பழைய துறைமுகமும் மலைக்காடும் சேர்த்துப் பார்க்க எங்கே போகலாம்?" என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் வட கேரளக் கடற்கரையில் இருக்கும் தலச்சேரி என்றீர்கள். நன்றி, சரியான ஊர்.

நள்ளிரவு தாண்டி ஜங்ஷனில் மங்களூர் மெயில் ஏறினோம், காலையில் தலச்சேரி. கோட்டை 1708-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. சின்னதுதான், அரை மணி போதும். ஆனால் மிளகுக்காக எழுந்த கோட்டை என்று தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. மலையிலிருந்து மிளகும் ஏலமும் இறங்கி இங்கேதான் கப்பல் ஏறின. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றியிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதற்காக ஒருத்தன் கோட்டை கட்டுவான் என்று யோசித்ததே இல்லை!

கடலுக்குள் நீளும் பழைய சரக்குத் துறையான கடல் பாலத்தைக் கரையில் நின்றே பார்த்தோம். துருப்பிடித்த தூண்கள், சாயங்கால வெளிச்சம்.

பிரியாணி? கைமா அரிசி, நம்ம சீரகச் சம்பா மாதிரி பொடி அரிசி. காரம் குறைவு. வீட்டம்மா "ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் நெடும்பொயில் வழியாக வயநாடு ஏறினோம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவு பழகிய எனக்கே காடு அடர்த்தியில் பயம் வந்தது. இந்தக் காட்டில் ஒளிந்துதான் இந்தப் பக்கத்து அரச வம்சத்தைச் சேர்ந்த பழசி ராஜா கம்பெனியோடு போரிட்டார், 1805-இல் இறக்கும்வரை. மானந்தவாடியில் அவர் சமாதி இருக்கிறது.

ஒரே தப்பு, விடுதியை முன்பதிவு செய்யாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.