மறு: ‘அப்சர்வன்ஸ்’ நாளுக்குத் தமிழ் – ‘அனுசரிப்பு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

ஐ.நா. போன்ற அமைப்புகள் அறிவிக்கும் நாட்களை ஆங்கிலத்தில் ‘அப்சர்வன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நேற்று ஆரணி அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் இருக்க முடியவில்லை.

> ‘அனுசரிப்பு’ பத்திரிகைகளில் ஊறிப்போன சொல். பிறந்தநாள் கொண்டாடப்படும், நினைவுநாள் அனுசரிக்கப்படும். வடமொழி என்பதற்காக மட்டும் தள்ள வேண்டுமா?

வடமொழி என்பது எனக்கும் பொருட்டல்ல அண்ணா. என் சிக்கல் வேறு.

போன வருடம் நவம்பர் 25 அன்று குடியாத்தம் பக்கத்தில் ஒரு தெருவில் கூட்டம் வைத்திருந்தோம். பீடி சுற்றும் பெண்கள் முப்பது பேர் இருக்கும். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். பேச்சைக் கேட்டாலும் கை நிற்காது, சாயங்காலம் கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே பிளக்ஸ் கட்டியிருந்தோம்: ‘பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு தினம் அனுசரிப்பு’. வாசகம் எழுதியவள் நானேதான். அதை எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு பெரியம்மா நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டார்: “இன்னாம்மா இது, இன்னிக்குக் கூடவா அனுசரிச்சிப் போவச் சொல்றீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகம் செத்துப்போனது. கையை ஓங்கும் புருஷனிடமிருந்து பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தவளிடம் அம்மா சொல்வது, ஊர்ப் பெரியவர் சொல்வது, சில நேரம் புகார் எழுத உட்கார்ந்தவரே சொல்வது எல்லாம் இந்த ஒரே சொல்தான்: அனுசரிச்சுப் போம்மா. அகராதியில் அதற்கு ஆயிரம் பொருள் இருக்கட்டும், இந்த ஊரில் பெண் காதில் அது ஒரே பொருளில்தான் விழுகிறது. வேறு எந்த நாளுக்கு ‘அனுசரிப்பு’ போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். நவம்பர் 25க்கு மட்டும் கூடாது.

ஒரு சொல்லுக்குப் போய் இவ்வளவா என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதும்போது முதல் உறுப்பில் எல்லா ஆண்களையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. ஆண் என்று எழுதினால் பெண்ணும் அதில் அடக்கம் என்று அங்கே நினைத்திருக்கிறார்கள். இந்தியாவின் சார்பில் போயிருந்த ஹன்சா மேத்தா விடவில்லை. மனிதப் பிறவிகள் எல்லாரும் என்று மாற்ற வைத்தார். 1948 டிசம்பர் 10 அன்று அந்த மாற்றத்தோடுதான் பிரகடனம் நிறைவேறியது. அந்தத் தேதியைத்தான் 1950 முதல் மனித உரிமை நாள் என்கிறோம்.

சரி, மாற்று என்ன? இதுவரை இழையில் வந்தவற்றைப் பார்ப்போம்.

‘நினைவேந்தல் நாள்’: ஓரளவு பொருத்தம் உண்டு. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹீயோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் பாத்ரியா, மினர்வா, மரியா தெரேசா மூவரும் கொல்லப்பட்ட நாள்தான் 1960 நவம்பர் 25. அடித்துக் கொன்றுவிட்டு, வண்டியோடு பள்ளத்தில் தள்ளி விபத்து என்றார்கள். இதை அன்று தெருவில் சொன்னபோது ஒரு பெண் தலையைத் தூக்காமலேயே, “நம்ம பக்கம் ஸ்டவ் வெடிச்சதுன்னு சொல்லுவாங்க” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கத்தரியால் இலை வெட்டும் சத்தம் மட்டும்தான்.

ஆனால் 1981இல் பொகொட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்க, கரீபியப் பெண்கள் இந்தத் தேதியை எடுத்துக்கொண்டது அஞ்சலி செலுத்த மட்டுமா? ஐ.நா. 1999இல் ஏற்றதும் ஒழிப்பு நாள் என்றுதானே? தவிர, நினைவேந்தல் என்றதும் நம் கண்ணில் நிற்பது சுவரொட்டியும் மாலை போட்ட படமும்.

‘நோன்பு நாள்’: வேலூரிலும் மேல்விஷாரத்திலும் போய் இதைச் சொன்னால் ரம்ஜானா என்பார்கள். அடுத்தது.

‘குறிநாள்’: சுருக்கமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, ‘குறி’ என்றால் குறி சொல்கிற அம்மா நினைவுக்கு வந்தால் கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள்.

‘சாற்றுநாள்’: இது நான் யோசித்தது. ஐ.நா. ஒரு நாளைப் பிரகடனம் செய்கிறது; நம் ஊரில் தண்டோரா போட்டுச் சாற்றுகிறோம். பொருத்தம் பிரமாதம் என்று இரண்டு நாள் பூரித்துக் கிடந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஆறு என்பது ஆற்றுநீர் என்று வருவதைப் போல, சாறு என்பதும் சாற்றுநாள் ஆகும். பழந்தமிழில் சாறு என்றால் திருவிழா! கொண்டாட்டம் வேண்டாம் என்றுதானே வேறு சொல் தேடினேன்; புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் சாறு என்றால் ரசம் என்பது தனிக்கதை. வாபஸ்.

மிஞ்சுவது ‘கடைப்பிடி’. குறளில் மருந்து அதிகாரத்தில் சாப்பாட்டுக்கே இந்தச் சொல் வருகிறது. உறுதியாகப் பிடித்துக்கொள் என்ற பொருள். வினைக்குக் கடைப்பிடி, பெயருக்குக் ‘கடைப்பிடிநாள்’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம். நவம்பர் 25இல் தொடங்கி டிசம்பர் 10இல் முடியும் பதினாறு நாள் இயக்கத்தை (1991இல் தொடங்கியது) ‘16 நாள் முன்னெடுப்பு’ என்று சொல்லிவிடலாம். ‘ஆக்டிவிசம்’ என்பதற்குச் ‘செயற்பாட்டியம்’ எல்லாம் துண்டறிக்கையில் நிற்காது.

ஒரு வேண்டுகோள்: ‘ப்’ விட்டுப்போகாமல் எழுதுங்கள். ‘கடைபிடி’ என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

– குடியாத்தத்திலிருந்து

* * *

அக்காவுக்கு வணக்கம்.

அனுசரிப்பு விஷயத்தில் தோற்றேன். ஆனால் கொண்டாட்டத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க வேண்டுமா? உங்கள் ஊரிலேயே வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு எடுக்கிறீர்கள். புருஷன் சொல்லி, பெற்ற பிள்ளை வெட்டிய ரேணுகையின் தலை. அதை ஊரே திரண்டு தூக்கி வருவதைத் துக்கம் என்பதா, திருவிழா என்பதா? இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள நமக்குத் தெரியும்.

இன்னொன்று. சொத்துக்கு உரிமை ‘கொண்டாடுகிறான்’ என்கிறோம். உரிமையைக் கேட்பதற்குத் தமிழில் உள்ள வினையே கொண்டாடு! ‘உரிமை கொண்டாடும் நாள்’ என்று வைத்தால் மார்ச் 8க்கும் டிசம்பர் 10க்கும் சேர்த்தே பொருந்துமே.

– ஆரணி

* * *

அண்ணா, சிரசைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். வருடா வருடம் அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன். இப்படி ஒரு நாளும் யோசித்ததில்லை.

‘உரிமை கொண்டாடு’ அழகுதான். ஆனால் அந்த வினையைப் பெரும்பாலும் யார் மீது யார் வைத்துப் பேசுகிறோம்? ‘என் மேல் உரிமை கொண்டாட நீ யார்’ என்று பெண்தான் கேட்கிறாள். வேண்டாத உரிமைக்கே அது அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

மார்ச் 8 துண்டறிக்கைக்குத் தலைப்பாக மட்டும் திருடிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த நாளுக்கு அது வேண்டும். 1977இல் ஐ.நா. வைத்த பெயர் பெண்கள் உரிமைக்கும் உலக அமைதிக்குமான நாள். 1917இல் ரஷ்யாவின் பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய நாள். இங்கே ஒரே நிறத்தில் சேலை கட்டிக் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் வைத்து, கேக் வெட்டி முடித்துவிடுகிறோம். கோலப்போட்டியில் நானும் குக்கர் வாங்கியிருக்கிறேன், மறைப்பானேன்.

நேற்று அதே தெருவுக்குப் போய்க் ‘கடைப்பிடிநாள்’ என்று சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா முறத்தை ஒருக்களித்து வைத்துவிட்டு, “கடையப் புடிக்கிற நாளா? எந்தக் கடை?” என்றார். இங்கே கடை என்றால் எந்தக் கடை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருந்தவள், “மூடுற நாளா இருந்தா சொல்லு, நாளைக்கே வரோம்” என்றாள்.

இதற்கு மேலும் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். வராவிட்டால் கடைப்பிடிநாள்தான், ‘ப்’ சேர்த்து.

– குடியாத்தத்திலிருந்து