ஃப்ராஸ்ட் மேஜுக்கு எந்த கியர் மொதல்ல? ரெய்டுக்கு போனா அடி விழவே மாட்டேங்குது

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம், மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதுறேன். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆடுறேன், மேஜ் (மந்திரவாதி), லெவல் 60 வந்து ஒரு மாசம் ஆகுது. சர்வர் ஐரோப்பால இருக்கு, அவங்களுக்கு ராத்திரி எட்டு மணின்னா நமக்கு பதினொன்றரை, மோல்டன் கோர் ரெய்டு (பெரிய கூட்டமா சேந்து பாஸ்ங்கள அடிக்கிறது) முடிஞ்சு படுக்க ரெண்டு ரெண்டரை ஆயிடும், சம்பாவுக்கு நாத்து விட்டுருக்கோம் அதனால அஞ்சு மணிக்கெல்லாம் அப்பா எழுப்பி மடைய பாத்துட்டு வான்னு அனுப்பிடுவாரு, இந்த லட்சணத்துல ஆடுறேன், அதான் நேரத்த வீணாக்காம எதுக்கு பின்னாடி ஓடணும்னு கேக்குறேன்.

பிரச்சனை என்னன்னா சின்னக் குழுவா போற டன்ஜன்ல நல்லாத்தான் அடிக்குது. ரெய்டுக்கு போனா பாஸ் மேல மந்திரம் விழாம ரெஸிஸ்ட் ரெஸிஸ்ட்னு வருது. நேத்து ஒரு பாஸ்ல எண்ணிப் பாத்தேன், 40 ஃப்ராஸ்ட்போல்ட் (பனி மந்திரம்) போட்டேன், 7 போச்சு. ஸ்பெல் பவர் (மந்திரத்தோட அடிய கூட்டுறது) 180 இருக்கு, ஹிட்டுன்னு (மந்திரம் விழுற வாய்ப்ப கூட்டுறது) பாத்தா ஒரே ஒரு மோதிரத்துல 1% அவ்ளோதான்.

கில்டுல (சேந்து ஆடுற குழு) ஒருத்தரு மேஜோட ஆர்கேனிஸ்ட் செட் எட்டு பீஸும் சேரு, உசத்தியான பர்ப்பிள் கலர் செட்டு வேற என்ன வேணும்ங்குறாரு. இன்னொருத்தரு ரோப் ஆஃப் தி ஆர்ச்மேஜ்ங்குற அங்கிய தச்சுக்கோங்குறாரு. மூணாவதா ஒருத்தரு ப்ளட்வைன் துணி செட்டுதான் எல்லாத்துக்கும் மேலங்குறாரு. யாரு பேச்ச கேக்குறது?

இன்னொண்ணு, சிரிக்காதீங்க. போன வாரம் ஒரு பர்ப்பிள் ஐட்டத்துக்கு ரோல் போட்டு (யாருக்குன்னு பகடை மாதிரி உருட்டுறது) ஜெயிச்சுட்டேன், ஐட்டத்துல போட்டுருந்த நம்பர் பெருசா இருந்துச்சேன்னு, போட்டதுக்கு அப்பறம்தான் பாக்குறேன் அதுல ஹீலிங்க மட்டும் கூட்டும்னு எழுதிருக்கு. கில்டுல ஹீலரா ஆடுற ப்ரீஸ்ட் ஒருத்தரு அன்னைலேர்ந்து எங்கிட்ட பேசுறதில்ல.

கடைமடைக்காரன்:

தம்பி சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்க. அந்த ப்ரீஸ்ட்டுக்கு நாலு பாட்டில் மனா போஷன் அனுப்பி விடு, சரியாயிடும். டேமேஜும் ஹீலிங்கும் ரெண்டும் சேத்து எழுதிருந்தா நமக்கு ஆகும், ஹீலிங் மட்டும்னா மேஜுக்கு அது வெறும் துணிதான், நம்பர் எவ்ளோ பெருசா இருந்தாலும்.

இப்ப உன் ரெஸிஸ்ட் கதைக்கு வர்றேன். நான் திருத்துறைப்பூண்டிக்கும் தெக்கால, பேர பாத்தாலே தெரியும். மேட்டூர்ல 120 அடி நெறஞ்சு கெடக்கும், ஜூன் 12 தொறந்துட்டாங்கன்னு டிவில பூ தூவுறத காட்டுவான், கல்லணையிலயும் பிரிச்சு விட்டுருவாங்க, எங்க வயலுக்கு வருமான்னா அது வேற கதை. ஸ்பெல் பவருங்குறது அணையில தொறக்குற தண்ணி. ஹிட்டுங்குறது அது வயல் வரைக்கும் வந்து சேருதா இல்லையாங்குறது. நீ அணையையே பாத்துக்கிட்டு இருக்க, வாய்க்கால் தூந்து கெடக்கு.

கணக்கு இதுதான். உன் லெவல்லயே இருக்குறவன் மேல, அதாவது 60, மந்திரம் விழுற வாய்ப்பு 96%. 61னா 95, 62னா 94. அதுவரைக்கும் சொட்டு சொட்டாத்தான் கொறையுது, உனக்கு ஒறைக்கவே ஒறைக்காது, அதான் டன்ஜன்ல நல்லா அடிக்குதுங்குற. ரெய்டு பாஸ கேமு 63னு எடுத்துக்கும், அங்க 83க்கு விழுந்துடும். உன் மோதிரம் 1 சேத்தா 84. நூத்துக்கு 16 போகும். நீ 40ல 7ன்னு சொன்ன பாரு, கரெக்டா அந்த கணக்குதான், உன் ராசியெல்லாம் ஒண்ணும் மோசமில்ல.

அந்த 83 மேல 16% ஹிட் சேத்தா 99 வரும், அதான் உச்சம். மிச்சம் 1% என்ன செஞ்சாலும் போகாது, அதுக்கு மேல ஹிட் சேத்தா தண்டம்.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், டேலண்ட்ல (லெவல் ஏறுறப்ப பாயின்ட் போட்டு எடுக்குற தெறமை) எலிமென்டல் ப்ரிஸிஷன் போட்டுருக்கியா இல்லையா? ஃப்ராஸ்ட் மரத்துல இருக்கும், 3 பாயின்ட், ஃப்ராஸ்ட்டுக்கும் ஃபயருக்கும் 6% ஹிட். நீ அத பத்தி வாயே தொறக்கல.

வெண்ணாத்தங்கரை:

அண்ணே போடல. லெவல் ஏத்துறப்ப தனியா ஆடுனேன், அப்ப ஆள ஒறைய வைக்குறதுலதான் எல்லா பாயின்டையும் போட்டேன், அத அப்படியே விட்டுட்டேன்.

கடைமடைக்காரன்:

அப்பறம் என்னத்துக்கு கியர் கேக்குற. மொதல்ல ட்ரெய்னர்ட்ட போயி டேலண்ட மாத்து. மொத தடவைன்னா 1 கோல்டுதான், அடுத்தடுத்து மாத்துனாத்தான் ஏறி ஏறி 50 வரைக்கும் போகும். 1 கோல்டுக்கு 6% ஹிட் எந்த கடையிலயும் கெடைக்காது.

அத போட்டா 90. கியர்ல இன்னும் 9 சேக்கணும். அது ஒரே நாள்ல வராது, பரவால்ல, 95 கிட்ட வந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கும்மோணம் வார்லாக்:

கடைமடை அண்ணன் சொல்றது சரிதான் ஆனா ஹிட் ஹிட்டுன்னு கத்தி தம்பி நாளைக்கு ஸ்பெல் பவர் இல்லாத, தரம் கொறஞ்ச பச்சை ஐட்டமா பொறுக்கிட்டு வந்து நிப்பான், அதனால எது எவ்ளோ பெறும்னு ஒரு தடவ கணக்கு போட்டுக்க.

ஃப்ராஸ்ட்போல்ட் ரேங்க் 10 தன்னால அடிக்கிறது சராசரி 450 சொச்சம். உன் ஸ்பெல் பவர்ல 81.4% அது மேல சேரும், 180னா ஒரு 147, ஆக சுமாரா 600. நீ 90% ஹிட்ல இருக்கன்னு வை, இன்னும் 1% ஹிட் வந்தா சராசரி அடி 6, 7 ஏறுன மாதிரி, அதே ஏத்தத்த ஸ்பெல் பவர்ல வாங்கணும்னா 8 பாயின்ட் வேணும். க்ரிட்டும் (எப்பவாச்சும் விழுற பெரிய அடி) இதே மாதிரிதான், ஐஸ் ஷார்ட்ஸ் டேலண்ட்ல 5 பாயின்ட் போட்டுருந்தா ஃப்ராஸ்ட் க்ரிட் ரெண்டு மடங்கு அடிக்கும், அப்ப 1% க்ரிட்டுக்கு ஆறு ஆறரை ஸ்பெல் பவர் மதிப்பு. இது நெலையான நம்பர் இல்ல, ஸ்பெல் பவர் 500 தாண்டுனா ஹிட் 11, 12 வரைக்கும் போகும். அதனாலதான் ஒரே ஐட்டத்த ஒருத்தன் நல்லதுங்குறான் ஒருத்தன் வேணாங்குறான், ரெண்டு பேருமே அவனவன் கியருக்கு சரியாத்தான் சொல்லிருப்பான்.

இப்ப ரோப் ஆஃப் தி ஆர்ச்மேஜ எடு. 40 ஸ்பெல் பவர், 1% க்ரிட். கூட்டுனா 46, 47. அதுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் மனாவும் குடுக்கும். ப்ளட்வைன் வெஸ்ட் 27 ஸ்பெல் பவர், 2% ஹிட், கூட்டுனா 43. அதாவது தனித்தனியா வச்சு பாத்தா ஆர்ச்மேஜ் ஒரு நூல் மேல! இத சொன்னா நெறைய பேருக்கு கோவம் வரும். ஆனா ப்ளட்வைன்ல மூணு பீஸ் இருக்கு, வெஸ்ட், லெக்கிங்ஸ், பூட்ஸ். மூணும் சேந்தா 83 ஸ்பெல் பவர், 4% ஹிட். அது போக மூணையும் போட்டுருக்கவன் டெய்லரிங் தொழில் 300 வரைக்கும் ஏத்தி வச்சிருந்தா 2% க்ரிட் சும்மா கெடைக்கும். அந்த 2%தான் ஆட்டத்த மாத்துறது. டெய்லரிங் இல்லாதவனுக்கு அந்த போனஸ் வராது, அத கவனிக்காம காச கொட்டி வாங்கிட்டு தலையில கைய வச்சவன் எனக்கு தெரிஞ்சே ரெண்டு பேரு இருக்கான். உனக்கு இப்ப என்ன ப்ரொஃபெஷன்?

ஆர்கேனிஸ்ட் எட்டும் சேருன்னு சொன்னவர்ட்ட ஒண்ணும் சண்ட போடாத, கெடைக்கிறத வாங்கி போட்டுக்க, ஆனா அதுக்குன்னு காத்துக்கெடக்காத. அதுல ஸ்டாமினாவும் இன்டலெக்டும்தான் (உயிரையும் மனாவையும் கூட்டுறது) வண்டி வண்டியா இருக்கும், இன்டலெக்ட் 59, 60 சேந்தாத்தான் மேஜுக்கு 1% க்ரிட். மூணு பீஸ் போட்டா 18 ஸ்பெல் பவர் போனஸ் வரும், அது நல்லது, எட்டு பீஸ் போனஸ் பாஸ் நம்ம மேல திரும்பாம த்ரெட்ட கொறைக்குறது. கலர பாத்து மயங்காத, ஒரு படி கீழ இருக்குற நீலக் கலர்லயே நல்ல சாமான் கெடக்கு.

அதுக்கு உதாரணம் ட்ரிங்கெட் (கூட மாட்டிக்குற சின்ன சாமான்). ப்ரையர்வுட் ரீடுன்னு ஒண்ணு, நீலம், 29 ஸ்பெல் பவர், எப்பவும் இருக்கும். நாணல் தட்டைதான், நம்ம காவேரிக் கரையில மாடு கூட திரும்பி பாக்காது, அங்க அதுக்கு அடிச்சுக்குறானுங்க. டாலிஸ்மேன் ஆஃப் எஃபிமெரல் பவர், பர்ப்பிள், மோல்டன் கோர்ல வருது, அமுக்குனா 15 செகண்டுக்கு 172, திரும்ப அமுக்க ஒன்றரை நிமிஷம். வகுத்து பாரு, 172ல ஆறுல ஒண்ணு, 28.7. நாணலும் அதுவும் சராசரில ஒரே எடை! வித்தியாசம் என்னன்னா டாலிஸ்மேன சரியான நேரத்துல அமுக்க தெரிஞ்சவனுக்கு அது மேல, மறந்து போறவனுக்கு நாணல் மேல. நீ ரெண்டு மணி ராத்திரில தூங்கி வழியிறவன், எது சரின்னு நீயே சொல்லு. ஆனா ரீட குடுக்குற ஜெட் ரூன்வாச்சர்ங்குறவன் அப்பர் ப்ளாக்ராக் டன்ஜன்ல எப்பவாச்சும்தான் நிப்பான், அது ஒண்ணுதான் இடிக்குது.

வெண்ணாத்தங்கரை:

மைனிங், ஹெர்பலிசம் அண்ணே. கோல்டுக்காக வச்சிருக்கேன். டேலண்ட் மாத்திட்டேன், 1 கோல்டுதான் கேட்டுச்சு.

ராஜகோபுரம்:

ஃப்ராஸ்ட்டே வேஸ்ட்டு. ஃபயர் போ. இக்னைட் (ஃபயர் க்ரிட் விழுந்தா கூடவே எரியிற அடி) வந்தா டேமேஜ் மீட்டர்ல எல்லாரும் உனக்கு கீழ.

கடைமடைக்காரன்:

யோவ் அவன் மோல்டன் கோருக்கு போறேங்குறான், அங்க இருக்குற கடைசி பாஸ் ராக்னராஸ் மேல நெருப்ப எறியச் சொல்ற. உள்ள பாதி பய நெருப்புலயே பொறந்தவன், ஃபயர் டேமேஜே ஏறாது. அடுத்தடுத்த ரெய்டுக்கு போறப்ப க்ரிட் நல்லா சேந்த மேஜ் நாலஞ்சு பேரு இருந்தா இக்னைட் பேசலாம், இப்ப இல்ல.

தஞ்சாவூர் ப்ரீஸ்ட்:

நான் ஹீலர், அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு வார்த்த சொல்றேன். ரோல் போட்டு ஜெயிச்ச அந்த ஐட்டத்த பத்தி கில்டு லீடர்ட்ட உடனே சொல்லிருந்தா மாத்தி குடுக்க வழி இருந்துருக்கலாம், இனிமே ஏதாவது விழுந்தா ஐட்டத்தோட விவரத்த (டூல்டிப்) சேட்ல லிங்க் பண்ணி இது மேஜுக்கு ஆகுமான்னு கேட்டுட்டு ரோல் போடு தம்பி, ஒரு நிமிஷம் ஆகும் அவ்ளோதான். உன்கிட்ட பேசாம இருக்குறவரு கோவம் ஐட்டத்துக்கு இல்ல, கேக்காம எடுத்துட்டியேங்குறதுக்கு. போஷன் அனுப்புறதோட வாயால ஒரு சாரியும் சொல்லிடு.

கியர்ல இவங்க ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு. ஜுல்குருப்ல மேஜுக்குன்னே கியர் மேல ஏத்துற ஒரு என்சான்ட், ப்ரெசன்ஸ் ஆஃப் சைட், 18 ஸ்பெல் பவர் கூட 1% ஹிட். தலைக்கும் போடலாம் காலுக்கும் போடலாம், ரெண்டுலயும் போட்டா 2% ஹிட். ஜுல்குருப் 20 பேரு போற ரெய்டுதான், 40 பேர எழுப்ப வேண்டியதில்ல. ப்ளட்வைன் துணிக்கு வேண்டிய கொடியும் அங்கயே கெடைக்கும், நீ ஹெர்பலிசம் வச்சிருக்கல்ல, ப்ளட் ஸைத்ங்குற அரிவாள் வச்சிருக்க ஆளு ஒருத்தர் கூட இருந்தா நீ பறிக்குற செடிலயே வரும். அதனால ஹெர்பலிசத்த விடாத, மைனிங்க விட்டுட்டு டெய்லரிங் எடு. 300 வரைக்கும் ஏத்த துணி நெறைய தின்னும், மனச தேத்திக்க.

கூட்டி பாரு, டேலண்ட் 6, ப்ளட்வைன் 4, என்சான்ட் 2, உன் மோதிரம் 1, மொத்தம் 13. 83லேர்ந்து 96. அதுக்கு மேல ரெய்டுல வர்றத பாத்துக்கலாம்.

இதெல்லாம் வர்ற வரைக்கும், கோல்டு இருந்தா ப்ரில்லியன்ட் விஸார்ட் ஆயில் ஒண்ணு வாங்கி ஆயுதத்துல தடவிக்க, 36 ஸ்பெல் பவர் 1% க்ரிட், அரை மணி நேரம் நிக்கும். உன் 180க்கு 36ங்குறது அஞ்சுல ஒரு பங்கு, அது ஒரு புது பர்ப்பிள் கெடைச்ச மாதிரி. ஃப்ளாஸ்க் மருந்து குடிச்சா 150 ஸ்பெல் பவர் குடுக்கும், ஆனா வெல ஜாஸ்தி, இப்ப வேணாம்.

அப்பறம் செத்துப்போன மேஜோட ஸ்பெல் பவர் ஜீரோ. நெருப்பு மேல நிக்காத. இத எல்லா ஹீலரும் சொல்லுவோம் ஒருத்தனும் கேக்க மாட்டான்.

கும்மோணம் வார்லாக்:

அக்கா சொன்ன வரிசைதான் சரி, ஆர்ச்மேஜ் ரோப்புக்கு இப்ப அலையாத. ஆனா ஒண்ணு, மைனிங்க விடுறதுக்கு முன்னாடி மெயில்பாக்ஸ்ல இருக்குற தாதுவெல்லாம் வித்து முடி, துணி வாங்க ஆகும்.

வெண்ணாத்தங்கரை:

நாலு நாள் கழிச்சு வர்றேன், நடுவுல எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் புஸ்ஸாயி ரெண்டு நாள் கரண்ட் இல்ல, ஒரு ரெய்டு போச்சு.

நேத்து போனேன். டேலண்ட் மாத்துனதும் ஆயிலும் மட்டும்தான், வேற ஒண்ணும் புதுசா இல்ல. அதே பாஸ்ல எண்ணுனேன், 44 போட்டேன், 4 ரெஸிஸ்ட். மேஜுங்கள்ல கடைசில இருந்தவன் மூணாவதா வந்தேன், கில்டு லீடர் என்னடா ஆச்சுன்னு கேட்டாரு, மடைய தூர் வாரிட்டேன்னு அவருக்கு எப்படி இங்கிலீஷ்ல சொல்றது, டேலண்ட்னு சொல்லி விட்டுட்டேன்.

மைனிங்க எடுத்துட்டு டெய்லரிங் போட்டாச்சு, இப்ப 140. ப்ரீஸ்ட்ட்ட சாரி கேட்டேன், போஷனையும் அனுப்புனேன். போஷன எடுத்துக்கிட்டாரு, பதில் இன்னும் வரல. அக்கா, துணி பத்தி சொன்னீங்களே, மேஜ்வீவ் துணி எங்க அடிச்சா சீக்கிரம் சேரும்?