மறு: இருப்பிடத் தனியுரிமையா, இடமறைவா, இடக்கசிவா?

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

> பகிர் அலைக்கற்றை (பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வானலை வரிசைகள்) பற்றிய கட்டுரையில், கருவி இருக்கும் இடம் பிறருக்குத் தெரியாமல் காப்பதை (location privacy) 'இருப்பிடத் தனியுரிமை' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

உண்டு ஐயா. வேறு துறைக் கட்டுரையாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அலைக்கற்றைப் பேச்சில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்து, வேறு யாரும் நுழையாதபடி வைத்துக்கொள்வதும் தனியுரிமைதான். மூலநிரலைப் பூட்டிவைத்து விற்கும் மென்பொருளுக்கும் அதே அடைமொழி. பகிர்வு பற்றிய கட்டுரைக்கு 'தனியுரிமையைக் காப்பது எப்படி' என்று தலைப்பிட்டால், பகிரவே கூடாது என்று வாதாடுவதாகப் படித்துவிடுவார்கள். 'இருப்பிடம்' என்றாலும் குடியிருக்கும் வீடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இங்கே பேசுவதோ நகர்ந்துகொண்டே இருக்கும் கருவியைப் பற்றி.

> 'இடமறைவு' சுருக்கமாக இருக்கிறதே?

நானும் முதலில் அதைத்தான் குறித்துவைத்தேன். மறைவு என்றதும் இரங்கல் செய்தி நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிந்து இயங்கும் கருவியை 'இடமறிவுக் கருவி' என்று உங்கள் கட்டுரையே மூன்றாம் பத்தியில் சொல்கிறது. இடமறிவு, இடமறைவு: தட்டச்சில் ஒரு விரல் சறுக்கினால் பொருள் நேர் எதிராகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் பாவம்.

அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே எதுவும் முழுதாக மறைவதில்லை என்பது. தொலைக்காட்சிக்கு ஒதுக்கி, சில வட்டாரங்களில் பயன்படாமல் கிடக்கும் அலைவரிசைகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் இயங்க வரும் கருவி வேறு ஒளிபரப்பு இருக்கிறதா என்று தானே உணர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (FCC) 2010இல் தளர்த்தி, எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலி என்று பதிந்துவைத்திருக்கும் தரவுதளத்தைக் கேட்டுக்கொள்ளச் சொன்னது. இப்படிக் கேட்பதற்கென்றே 2015இல் வந்த இணைய நெறிமுறையிலும் (PAWS), அலைவரிசைப் பட்டியலைக் கேட்கும் கருவி முதலில் தன் இடத்தைச் சொல்ல வேண்டும். வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து மறைகுறியாக்கம் காப்பாற்றும்; தரவுதளத்திடமிருந்து யார் காப்பாற்றுவது?

சரி, தரவுதளத்திடம் கேட்கும் கேள்வியை ஏதோ ஒரு வித்தையால் மறைத்துவிட்டோம் என்றே வையுங்கள். கருவி இன்று 21ஆம் அலைவரிசையில் இயங்குகிறது. அப்படியானால் 21 காலியாக இருக்கும் பரப்புக்குள்தான் அது இருக்க வேண்டும். வரைபடத்தில் அதற்கு நிழல் தீட்டுங்கள். நாளை 21க்கு உரியவர் வந்துவிட, கருவி 34க்குத் தாவுகிறது. 34 காலியாக உள்ள பரப்பையும் மேலே தீட்டினால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் துண்டு மட்டும்தான் மிச்சம். தாவத் தாவத் துண்டு சிறுக்கும். கருவி வாயே திறக்கவில்லை, இடம் வெளியே வந்துவிட்டது. இந்தத் தாக்குதலை 2013இல் வந்த ஆய்வொன்று விரிவாகக் காட்டியது.

இதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: கசிவு. என் பரிந்துரை இடக்கசிவு. மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆனது போல. காப்பு வேலைக்கு 'இடக்கசிவுத் தடுப்பு'.

கசிவுக்கு அளவு உண்டு என்பது இன்னொரு வசதி. இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் 'இந்த வட்டாரம்' என்று மங்கலாகச் சொன்னால் கசிவு குறையும். ஆனால் அந்த வட்டாரம் முழுக்கக் காலியாக உள்ள அலைவரிசைகளை மட்டுமே தரவுதளம் தர முடியும் என்பதால் பட்டியலும் சுருங்கும். பொய்யான இடங்கள் சிலவற்றைச் சேர்த்து அனுப்பலாம். வினவல் சுமை கூடும். பட்டியலின் எந்த வரியைக் கொடுத்தோம் என்று தரவுதளத்துக்கே தெரியாமல் எடுத்துக்கொள்ளும் குறியாக்க முறையும் 1995 முதல் இருக்கிறது. (அதற்கு 'மறைவினவல்' என்று எழுதி வருகிறேன். வினவல் மறைவதில்லை, வினவிய பொருள்தான் மறைகிறது என்பதால் எனக்கே திருப்தியில்லை. தனி இழையில் பேசலாம்.)

> 'இட அந்தரங்கம்' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் அமெரிக்காவில் 2015இல் பகிர்வுக்குத் திறந்த 3550–3700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்னுரிமை பெற்றவற்றுள் கடற்படை ரேடாரும் உண்டு. பல இடங்களிலிருந்து தரவுதளத்தைக் கேட்டுக் கேட்டு, எங்கே 'கூடாது' என்று பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால் கப்பல் நிற்கும் பகுதியை ஊகிக்கலாம். ஆபத்து இருபுறமும் ஒன்றுதான். போர்க்கப்பலுக்கு அந்தரங்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'கப்பலின் இடக்கசிவு' உறுத்தாமல் பொருந்துகிறது.

கசிவு என்றால் மனம் உருகுவதல்லவா என்று ஒருவர் கேட்பார். வினாத்தாள் கசிவு, வாயுக் கசிவு என்று நாளிதழில் படிப்பவருக்கு அந்த மயக்கம் வராது. ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன்: இடக்கசிவு என்று தனியாகப் பார்த்தால் மழைக்காலச் சுவர்தான் கண்முன் வருகிறது. அதனால் முதல் முறை 'இடத்தகவல் கசிவு' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம். சட்டம் பேசும் பகுதியில் தனியுரிமை அப்படியே இருக்கட்டும். அங்கே பேச்சு உரிமையைப் பற்றியது.

உங்கள் இரண்டாம் வரியை மாற்றிப் பார்த்தேன்: 'பகிர் அலைக்கற்றையில் பயனர் அலைவரிசை மாறும் ஒவ்வொரு முறையும் இடத்தகவல் கசிவு கூடலாம்.' பொருந்துகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.