பிசிஎல்5 கணக்கு: ஆன்சர் கீ-ல 0.69, எனக்கு 0.60, எங்க தப்பு?

தூக்கம்போச்சு_ப்ளஸ்ஒன்:
அண்ணா அக்கா யாராச்சும் பாருங்க. 250 டிகிரி செல்சியஸ்ல பிசிஎல்5 (பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு) வாயு பிரிஞ்சு பிசிஎல்3, குளோரின் ஆகுது, கேபி (வாயுக்களோட அழுத்தத்த வெச்சு எழுதுற சமநிலை மாறிலி) 1.78, சமநிலைல மொத்த அழுத்தம் 2 அட்மாஸ்பியர், ஆல்ஃபா, அதாவது பிசிஎல்5ல பிரிஞ்ச பங்கு, எவ்ளோன்னு கேள்வி. நான் பிசிஎல்5க்கு 2 போட்டு அதுல எக்ஸ் குறைச்சு, எக்ஸ் ஸ்கொயர் பை (2 - எக்ஸ்) = 1.78னு வெச்சேன், எக்ஸ் 1.196 வந்துச்சு, 2ஆல வகுத்தா 0.60. மூணு தடவ போட்டுட்டேன் அதேதான் வருது. கீ தப்பா?

பழைய_பர்னர்:
கீ சரிதான் தம்பி. அந்த 2 மூணு வாயுவுக்கும் சேர்த்து, நீ பங்காளி சொத்த ஒருத்தன் பேருக்கே பட்டா போட்டுட்ட. உன் விடையவே கூட்டிப் பாரு, 0.804 + 1.196 + 1.196 = 3.196, எங்க 2?
1 மோல்ல ஆரம்பி. மிச்சம் 1 - ஆல்ஃபா, மத்த ரெண்டும் ஆளுக்கு ஆல்ஃபா, மொத்தம் 1 + ஆல்ஃபா. ஒவ்வொண்ணையும் மொத்தத்தால வகுத்து 2ஆல பெருக்குனா பார்ஷியல் பிரஷர், அதாவது மொத்த அழுத்தத்துல அந்த வாயுவோட பங்கு. கேபில போட்டு சுருக்குனா ஆல்ஃபா ஸ்கொயர் = கேபி / (கேபி + பி), பி-ங்கறது மொத்த அழுத்தம், அதாவது 1.78 / 3.78 = 0.471, ரூட் எடுத்தா 0.686.
உன் 0.60ம் சும்மா இல்ல, கனஅளவு மாறாத பாத்திரத்துல ஆரம்பத்துல பிசிஎல்5 மட்டும் 2 அட்மாஸ்பியர்னு கேட்டிருந்தா அதுதான் விடை.

தூக்கம்போச்சு_ப்ளஸ்ஒன்:
ஐயோ ஆமா, "சமநிலைல"ங்கறத படிக்கவே இல்ல. இப்ப 0.372 + 0.814 + 0.814, கரெக்டா 2 வருது. அப்போ அழுத்தத்த 10 ஆக்குனா கேபியும் ஏறுமாண்ணா?

பழைய_பர்னர்:
ஏறாது, வெப்பநிலை மாறுனாதான் அது மாறும். ஆல்ஃபாதான் இறங்கும், 1.78 / 11.78க்கு ரூட் போடு, 0.389. ஒரு மோல் ரெண்டு மோலாகுற வினை, நெருக்குனா பின்னாடிதான் போகும்.

மோல்கணக்கு_அக்கா:
இதோட, வினைல சேராத ஆர்கான் வாயுவ உள்ள விடுற கேள்வியையும் பாத்துக்கப்பா, நீட்டுக்கு படிக்கறவங்க நெறய பேர் இதுல வழுக்குறாங்க. கனஅளவு மாறாம ஆர்கான் விட்டா மொத்த அழுத்தம் ஏறும், ஆனா இந்த மூணோட பார்ஷியல் பிரஷர் அப்படியேதான் இருக்கும், சமநிலை அசையாது. பிஸ்டன் வெச்சு மொத்த அழுத்தம் மாறாம விட்டா கனஅளவு விரியும், மூணோட பார்ஷியல் பிரஷரும் குறையும், பிசிஎல்5 இன்னும் கொஞ்சம் பிரியும். அதனால ஆர்கான்னு பாத்ததும் "விளைவு இல்லை"க்கு டிக் அடிச்சுடாத, மொதல்ல எது மாறாம இருக்குன்னு பாரு.

தூக்கம்போச்சு_ப்ளஸ்ஒன்:
போன டெஸ்ட்ல அப்படித்தான் அடிச்சேன் அக்கா, மைனஸ் 1 😭