பவர் சப்ளை ஃபேன் சத்தம் போடுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பின்பக்கத்தில், எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் போனால் தானாக அடங்கிவிடும், மறுநாள் காலையில் மறுபடியும் அதே கரகர. இந்த மாதிரி சத்தத்தைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் என் அனுபவத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

குளிரில் கத்தி, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் அது ஸ்லீவ் பேரிங் ஃபேன். உள்ளே உருளைகள் எதுவும் கிடையாது, எண்ணெய் ஊறிய ஒரு சின்னக் குழாய்க்குள் தண்டு சுழலும், அவ்வளவுதான். அந்த எண்ணெய் வற்ற ஆரம்பித்தால், மிச்சம் இருப்பது குளிரில் கெட்டியாகித் தண்டு உரசும். சூடேறியதும் இளகி ஓட ஆரம்பிக்கும், சத்தம் நிற்கும். சத்தம் நின்றாலும் கோளாறு போய்விடவில்லை. எனக்கு முதலில் சட்டென்று அடங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் போகப்போக அடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுகொண்டே போனது. பவர் சப்ளை ஃபேனுக்கு மற்ற ஃபேன்களைவிடக் கஷ்டமான வாழ்க்கை: பெரும்பாலும் படுத்த நிலையில் சுழல்கிறது, பக்கத்திலேயே சூடான பாகங்கள் இருக்கின்றன, எண்ணெய் சீக்கிரம் வற்றிவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கேபினெட்டுக்குள் ஒலி எல்லாப் பக்கமும் மோதித் திரும்பும், பின்னால் கேட்பது முன்னால் இருக்கும் ஹார்டு டிஸ்காகக்கூட இருக்கலாம். நான் செய்தது இது: பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நீளமான அட்டைக் குழலின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோனேன். இவ்வளவு எளிய வழி இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். அப்புறம் விண்டோஸுக்குள் போகாமல், அதற்கு முன்பு வரும் பயாஸ் அமைப்புத் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கேபினெட் ஃபேன்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பிராசஸர் ஃபேனை மட்டும் தொடவில்லை.

கடைசியாக பவர் சப்ளையைத் தனியாக வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் அதன் பக்கத்துக் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைக்க வேண்டும். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் கேபிள் என்றால் 16, 17ஆம் பின்கள். அதன் பிறகு பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டால் பவர் சப்ளை மட்டும் ஓடும். வேறு எதுவும் ஓடாத அறையில் அதே கரகர கேட்டது, சந்தேகம் தீர்ந்தது. போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வாரண்டிக்கு அனுப்பினேன், மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால், அவர்கள் சோதிக்கும் நேரத்தில் சத்தம் அடங்கியிருந்து "கோளாறு இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் சத்தம் வரும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

———

அட்டைக் குழல் யோசனை அருமை. எனக்கு வந்தது வேறு மாதிரி. கரகர இல்லை, ஒரு படபடப்பு, அதுவும் ஃபேன் வேகம் கூடும்போது மட்டும். கேபினெட்டின் அடியில் பவர் சப்ளைக்கு நேராக ஒரு தூசி வலை இருக்குமே, அதன் சட்டம் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. காற்றை இழுக்கும்போது வலை மேலே உறிஞ்சப்பட்டுக் கம்பி மீது அடித்துக்கொண்டிருந்தது. வலையை உருவி எடுத்த அந்த நொடியே அமைதி. கழுவிக் காயவைத்துச் சரியாகப் பொருத்தினேன், இன்றுவரை பிரச்சினை இல்லை. பவர் சப்ளை மாற்றப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் அந்த வலையைப் பாருங்கள், அப்புறம் பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூக்களையும் இறுக்கிப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் முழு கேபினெட்டும் சேர்ந்து அதிரும்.

———

என் வீட்டில் கேட்டது உய்ங் என்ற கூர்மையான சத்தம். ஃபேன் பேரிங் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கவனித்த ஒரு விஷயம்தான் குழப்பத்தைத் தீர்த்தது: திரையில் ஓர் இணையப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால்கூடச் சத்தத்தின் சுருதி உடனுக்குடன் மாறியது. ஃபேன் அப்படி மாறாது. அதன் வேகம் ஏறி இறங்கச் சில நொடியாவது ஆகும். நொடியில் மாறுகிறது என்றால் அது சுழலும் பாகத்தின் சத்தம் இல்லை, காயிலின், அதாவது கம்பிச்சுருளின் சத்தம். மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது காயில் சுற்றுகள் நுண்ணியதாக அதிர்வதால் வருவது.

எனக்கு விளையாட்டின் மெனு திரையில்தான் அதிகம் கேட்டது. அங்கே வரைவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டுப்படுத்தியதும் உய்ங் காணாமல் போனது. என் விஷயத்தில் சத்தம் போட்டது கார்டே தவிர, பவர் சப்ளை இல்லை. காயில் சத்தம் பொதுவாக ஆபத்தானது கிடையாது, ஆனால் நாள் முழுக்கக் கேட்டால் காதைக் குடையும், அது தெரியும்.

———

ஒரு சின்னக் கேள்வி. புதிதாக வாங்கிய பவர் சப்ளையில் ஃபேன் சுற்றவே இல்லை, சத்தமும் இல்லை. பேப்பர் கிளிப் சோதனையிலும் சுற்றவில்லை. கோளாறா?

———

கோளாறாக இருக்க வேண்டியதில்லை. இப்போது வரும் பல மாடல்களில் சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் முழுவதுமாக நின்றிருக்கும், சூடு ஏறினால்தான் சுற்றும். பேப்பர் கிளிப் சோதனையில் சுமையே இல்லை, எப்படிச் சுற்றும்? பின்பக்கத்தில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதை மாற்றி வைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கனமான விளையாட்டு ஒன்றைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள்.

நான் இங்கே எழுத வந்தது வேறு. பலருக்கு ஃபேனில் கோளாறே இருக்காது, ஃபேன் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும், சூடு அதிகம் என்பதால் வேகமாக ஓடும். உர்ர்ரென்று சீரான காற்றுச் சத்தம் என்றால் அது பேரிங் இல்லை, வேகம். ஃபேன் வேகம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும், அது காதுக்குப் பெரிய வித்தியாசம். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைக்க முடிந்தாலே போதும், நிம்மதி கிடைக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டருக்கு 300 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 சதவீதத் திறன் உள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து சுமார் 353 வாட் இழுக்கும், மிச்சம் 53 வாட் அதன் உள்ளேயே வெப்பமாகும். 90 சதவீதம் என்றால் 333 இழுக்கும், வெப்பம் 33 வாட்தான். அதே வேலைக்கு ஃபேன் வெளியேற்ற வேண்டிய வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. பவர் சப்ளையின் திறனைக் காட்ட 80 பிளஸ் கோல்டு (தங்கம்), பிரான்ஸ் (வெண்கலம்) என்று முத்திரை போடுவதை மின்கட்டணத்துக்காக மட்டும் பார்ப்பவர்கள் இதையும் பாருங்கள், அமைதி விரும்புபவர்களுக்கு அந்த முத்திரை இன்னும் முக்கியம்.

என் கம்ப்யூட்டரை மேசைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் வைத்திருந்தோம், பின்பக்கம் சுவரை ஒட்டி. வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும், தூசியை ஊதித் தள்ளியதும் சேர்ந்து சத்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்தன. ஊதும்போது ஃபேன் இறகை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

———

மின்னணுப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பவர் சப்ளையைத் திறந்து எண்ணெய் விடலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின் அழுத்தம் தேங்கியிருக்கும், பல பவர் சப்ளைகளில் 380 வோல்ட்டை ஒட்டி. அதை மெல்ல வடித்துவிட ஒரு மின்தடை இருக்கலாம், அந்த மின்தடை அறுந்தும் போயிருக்கலாம், மீட்டர் வைத்து அளக்காமல் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அளக்கத் தெரியாதவர் மூடியைக் கழற்றவே கூடாது, இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஒரு ஃபேனுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, எண்ணெய். ஸ்லீவ் பேரிங் ஃபேனில் நடு ஸ்டிக்கரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் எடுத்து, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், அது உண்மைதான். ஆனால் தண்டும் குழாயும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பாது, கொஞ்ச நாளில் சத்தம் திரும்பி வரும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிப்பவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அது சீக்கிரம் ஆவியாகி, இருந்த எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். முழுவதும் மூடிய ஃபேன்களில் எண்ணெய் விட வழியே இல்லை.

எண்ணெய் விடுவதைவிட ஃபேனையே மாற்றுவதுதான் நான் செய்வது. அதிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. 120 மில்லிமீட்டரா, 135ஆ, 140ஆ என்று அளவு, தடிமன், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், இணைப்பு இரண்டு பின்னா. முக்கியமாக, குறைந்த மின்னழுத்தத்தில் கிளம்புமா என்பது. பல பவர் சப்ளைகள் குளிர்ந்திருக்கும்போது ஃபேனுக்கு 12 வோல்ட் கொடுப்பதில்லை, 4, 5 வோல்ட்தான் கொடுக்கும். பெயர்பெற்ற அமைதியான ஃபேன் என்று வாங்கி மாட்டுவார்கள், அது அந்த அழுத்தத்தில் கிளம்பாது, அப்படியே நிற்கும், உள்ளே வெந்துபோகும். காற்றின் திசையும் அப்படித்தான்: பெரிய ஃபேன் உள்ள பவர் சப்ளையில் அது காற்றை உள்ளே தள்ள வேண்டும், பின்பக்கத் துளை வழியாகச் சூடு வெளியேற வேண்டும். இவ்வளவையும் சரிபார்த்து மாற்றினால், நல்ல பால் பேரிங் ஃபேனோ திரவ பேரிங் ஃபேனோ பல வருஷம் ஓடும். பால் பேரிங்கில் ஒரு நன்மை, கெடுவதற்கு ரொம்ப முன்பே முனக ஆரம்பித்து எச்சரிக்கை கொடுக்கும்.

பழைய, மலிவான பவர் சப்ளை என்றால் இதெல்லாம் செய்ய நான் ஒப்புக்கொள்வதில்லை. ஃபேன் தேயும் அளவுக்கு ஓடியிருந்தால் உள்ளே கெபாசிட்டர்களும் அதே வெப்பத்தில் அவ்வளவு காலம் வெந்திருக்கும். புது ஃபேன் போட்டு அதை இன்னும் ஓட்டுவதில் அர்த்தம் இல்லை, மாற்றிவிடுங்கள்.

———

மேலே ஐயா சொன்னதற்கு என் வீட்டில் நடந்ததே சாட்சி. தம்பியின் கம்ப்யூட்டரில் நீண்ட நாளாக இருந்த கொர்ர் சத்தம் ஒரு நாள் தானாக நின்றது. சரியாகிவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான், எனக்குச் சந்தேகம். பின்னால் கையை வைத்துப் பார்த்தேன், காற்றே வரவில்லை, தகடு தொட முடியாத சூடு. அவனுடையது ஃபேனை நிறுத்தி வைக்கும் வகை மாடலும் இல்லை. அன்று மாலையே விளையாடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஓடும், சுமை ஏறினால் மறுபடி அணையும். அதிக வெப்பத்தில் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு அதில் இருந்ததால் அதோடு போனது, எல்லா பவர் சப்ளையிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. சத்தம் போட்ட ஃபேன் திடீரென்று மௌனமானால் முதலில் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

புது பவர் சப்ளை வாங்கி மாட்டும்போது ஒரு விஷயத்தில் அவனோடு சண்டையே போட்டேன். பழையது கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை, புதியதும் அதே வகை. "கேபிள் எல்லாம் அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன், அதை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாமே" என்றான். கூடவே கூடாது. மதர்போர்டு பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், பவர் சப்ளை பக்கத்து முனைக்கு அப்படிப் பொதுவான விதி இல்லை. சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரலாம், ஆன் செய்த நொடியில் ஹார்டு டிஸ்கும் எஸ்எஸ்டியும் போய்விடும், உள்ளே இருக்கும் படங்கள், வேலைகள் எல்லாம் சேர்த்து. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையில்கூட இது மாறும். பழைய கேபிள்கள் அத்தனையையும் உருவி, பழைய பவர் சப்ளையோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, புதுப் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் போட்டோம். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எல்லாவற்றையும் கட்டினான், கட்டட்டும்.