சென்னையில் 3 அடி கடல்நீர்த் தொட்டி: கல் உப்பு போதுமா, சில்லர் வேண்டுமா?

நெத்திலி44
நன்னீர் மீன் வளர்ப்பு பழக்கம், கடல்நீர் இதுதான் முதல் முறை. தொட்டி 3 × 1½ × 1½ அடி, கீழே சம்ப் (வடிகட்டியும் பம்பும் வைக்கும் சின்னத் தொட்டி). ஒரு ஜோடி கிளவுன் மீன், இரண்டு இறால், பிறகு கொஞ்சம் மென்பவளம், அவ்வளவுதான் ஆசை. மெரினாவில் கேனில் தண்ணீர் பிடித்து வரலாமா, அல்லது சமையலறை ஆர்.ஓ தண்ணீரில் கல் உப்பைக் கரைத்தால் போதுமா? சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) இல்லாமல் மே மாதம் தாண்டுமா? எத்தனை நாளில் மீன் விடலாம்?

உப்பங்கழி
மெரினா வேண்டவே வேண்டாம். வடக்கே கூவம், தெற்கே அடையாறு. அந்தக் கழிவெல்லாம் கரையோரத்தில்தான் சுற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவும் இறங்கிவிடும்.

கல் உப்பும் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னாடியே படிந்துவிடும், அதற்குப் பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியம் பெரும்பாலும் மிஞ்சுகிற கசப்பு நீரோடு போய்விடும். கையில் கிடைப்பது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. அதில் பி.எச் நிலையாக நிற்காது, பவளத்துக்குக் கால்சியமும் கிடைக்காது. மீன் கடையில் ரீஃப் சால்ட் (பவளத் தொட்டிக்கான கடல் உப்புக் கலவை) என்று கேட்டு வாங்குங்கள். லிட்டருக்குச் சுமார் 37 கிராம். பாறை, மணல் போக சம்ப்பையும் சேர்த்து 180 லிட்டர் வரும் என்றால் 6½ முதல் 7 கிலோ. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் பம்ப் ஓடிய பிறகு அளந்து பாருங்கள்: 35 பி.பி.டி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி திரவத்தில் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய வம்பு சமையலறை ஆர்.ஓ. நிறைய மாடல்களில் டி.டி.எஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடும். சிலவற்றில் ‘காப்பர்’ கார்ட்ரிட்ஜ் வேறு. நமக்கு நல்லது என்று விற்கும் அந்தத் தாமிரம் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஆர்.ஓ மெம்பரேனுக்குப் பிறகு டி.ஐ ரெசின் (மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் பிசின்) உள்ள தனி யூனிட் வையுங்கள். டி.டி.எஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும்; 2, 3 என்று ஏறினால் ரெசினை மாற்றுங்கள்.

அலைவாய்
சூடு பற்றி. 25–27 டிகிரி நல்லது, 28-ல் நிலையாக நின்றாலும் பழுதில்லை. நீர்மட்டத்தில் காற்று படுகிற மாதிரி ஃபேன் வைத்தால் 2–3 டிகிரி இறங்கும். ஆனால் அது ஆவியாகித்தான் குளிர வைக்கிறது. கடற்காற்று புழுங்குகிற நாளில் கை விட்டுவிடும். அறை 33, 34 போகிற வீட்டில் ஏ.சி நாள் முழுக்க ஓடாவிட்டால் சில்லர் வாங்கித்தான் ஆக வேண்டும். இந்த அளவுக்கு 1/10 எச்.பி போதும். அலமாரிக்குள் அடைக்காதீர்கள், தான் விடும் சூட்டையே அது திரும்ப இழுக்கும்.

ஃபேன் ஓடினால் தினம் 3–4 லிட்டர் குறையும். நீர்தான் போகும், உப்பு போகாது. 180 லிட்டரில் 4 போனால் உப்பளவு 35 ஒரே நாளில் 35.8 ஆகிவிடும். உப்பில்லாத ஆர்.ஓ-டி.ஐ தண்ணீரைத்தான் விட வேண்டும், ஆட்டோ டாப்-அப் இருந்தால் நிம்மதி.

மீன் விடுவதற்கு முன் ஒருமுறை ரிட்டர்ன் பம்ப் (சம்ப் நீரைத் தொட்டிக்கு ஏற்றுவது) பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தொட்டியில் இருந்து இறங்கும் நீர் சம்ப்பில் அடங்காவிட்டால், முதல் கரன்ட் கட்டில் ஹால் தரை நனையும். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போடும் சைஃபன் ஓட்டை (நீர் பின்னோக்கி இறங்குவதை நிறுத்துவது) பாசியால் அடைத்துக்கொள்ளும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று: இரண்டிலும் கஞ்சம் கூடாது.

பாறைமீன்
நாள் கணக்கு பார்க்காதீர்கள், டெஸ்ட் கிட் சொல்லட்டும். மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும், அதைத்தான் ‘சைக்கிள்’ என்பது. உலர் பாறை 12–15 கிலோ, அரகோனைட் மணல் 2–3 செ.மீ. அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றுங்கள். போட்ட அம்மோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமாக வேண்டும். பொதுவாக 4–6 வாரம் ஆகும். பிறகு கால்பங்கு நீர் மாற்றி கிளவுன் ஜோடி. இறாலை அதற்கும் இரண்டு வாரம் கழித்து, கடைத் தண்ணீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள். பல கடைகளில் உப்பளவைக் குறைத்தே வைத்திருப்பார்கள். மென்பவளம் மூன்று மாதத்துக்கு அப்புறம்.

சைக்கிள் ஓட்ட டாம்செல் மீனை விடச் சொன்னால் கேட்காதீர்கள். பிற்பாடு அது கிளவுனைத் துரத்தும், பாறையைக் கலைக்காமல் பிடிக்கவும் முடியாது.

மன்னார் வளைகுடா ‘லைவ் ராக்’ (உயிரினங்கள் ஒட்டிய கடல் பாறை) என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். கடினப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத் துண்டை வைத்திருந்தாலும் வழக்குதான். கொளத்தூர் கடைகளில் கிளவுன் வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு, கண் முன்னால் தீனி தின்கிறதா பார்த்து எடுங்கள்.

நெத்திலி44
ஆர்.ஓ-வைத் திறந்து பார்த்தேன், காப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் போதுமா?

உப்பங்கழி
போதாது. கார்ட்ரிட்ஜையும் கன்ட்ரோலரையும் விட்டுவிட்டு, மெம்பரேன் வெளிவாயிலேயே டீ (T வடிவ இணைப்பு) போட்டுத் தனிக் குழாய் எடுத்து அங்கே டி.ஐ மாட்டுங்கள். ஆர்.ஓ டேங்கில் தேங்கின தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.